சரசாவுக்கு வராத சந்திராஷ்டமம்

இந்தத் தொடரின் முதல் வாரத்திலேயே எழுதியிருக்க வேண்டிய விஷயம் இது. சில வருஷமாகவே எழுதலாமா வேண்டாமா என்று எனக்குள் இழுபறி. ஒவ்வொரு வாரமும் இதை எழுதத்தான் உட்காருவேன். அரைப் பக்கம் போவதற்குள் கை தயங்கும். கொள்ளேகால் பஸ்ஸைப் பற்றியோ, தசரா கூட்டத்தில் செருப்பைத் தொலைத்ததைப் பற்றியோ எழுதி அனுப்பிவிடுவேன். நீங்களும் நல்லவர்கள், அதையே படித்துவிட்டுக் கடிதம் போட்டீர்கள்.

போன வாரம் வெற்றிலைக் கட்டு பிரிப்பதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு என் மனைவி சரசா பத்திரிகையை மடித்து என் மடியில் வைத்தாள்.

"வெத்தலைக்கு ரெண்டு பக்கம் எழுதியிருக்கறீங்க. நல்லாத்தான் இருக்குது. என்ற ராசியைப் பத்தி எப்போ எழுதுவீங்க?"

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. முருகா, நீயே துணை. எழுதிவிடுகிறேன்.

சாவி இருந்தது, நாள் இல்லை

அது ஆடி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மைசூரில் மத்தியானத் தூறல் போட்டுவிட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மாடி ஜன்னலுக்குக் கீழே யாரோ காபிக்கொட்டை வறுத்தார்கள். எங்கள் மகன் சரவணன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சாவிக் கொத்தை எடுத்து என் முன்னால் போட்டான்.

"அப்பா, வீடு கட்டி முடிச்சு எத்தனை நாளாச்சு? பெயிண்ட் வாசனையே போயிட்டுது. ஆஷாடமும் ஆயித்து, ஆடியும் முடியப் போவுது. இனி எந்த மாசம் குறுக்க வருது, நீங்களே சொல்லுங்க."

ரிங் ரோட்டைத் தாண்டி, நரசீபுரம் போகும் வழியில் ஒரு லேஅவுட்டில் நாங்கள் கட்டிய சின்ன வீட்டின் சாவி அது. அவன் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு அங்கிருந்து கால் மணி நேரம். எங்கள் மாடியிலிருந்தோ இரண்டு பஸ்.

சரசா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைச் சொல்வதற்கு முன், நாள் கேட்க என்னிடம் ஏன் வந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கடையில் தொங்கிய இரண்டு கேலண்டர்

தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டை ஒட்டி எனக்கு ஒரு வெற்றிலைக் கடை. வெற்றிலை வியாபாரிக்குத் தராசைவிடப் பஞ்சாங்கம் முக்கியம். முகூர்த்த நாள் தெரியாமல் சரக்கு எடுத்தால் ஒன்று கட்டுக் கட்டாக, கவுளி கவுளியாக வாடிப்போகும், இல்லாவிட்டால் கல்யாண வீட்டுக்காரர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போவார்கள்.

மைசூரில் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழர்களுக்கு ஒரு மாதம், கன்னடக்காரர்களுக்கு வேறு மாதம். அவர்களுடைய ஆஷாடம் அமாவாசைக் கணக்கில் முன்னாலேயே பிறந்துவிடும். நம்முடைய ஆடி சூரியக் கணக்கில் பின்னால் வரும். அவர்களுக்கு சிராவணம் பிறந்து கல்யாண மேளம் கொட்டும்போது நமக்கு இன்னும் ஆடி நடந்துகொண்டிருக்கும். அதனால் கடையிலும் வீட்டிலும் இரண்டு கேலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன்தான். ஆனாலும் திதி, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் இரண்டு மொழியிலும் வாயில் நிற்கும்.

வெற்றிலை வாங்க வருகிறவர்கள் அப்படியே ஒரு நாளும் கேட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். காது குத்த, கடை திறக்க, வண்டி எடுக்க. நான் குடியிருந்த வடாரத்தில், அதாவது ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக வீடுகள் உள்ள எங்கள் வளவில், எனக்குப் பெயரே 'பஞ்சாங்க அண்ணா'. தபால்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். ஒரு பைசா வாங்கினதில்லை. ஆனால் அந்தப் பெயர் காதில் விழும்போது மனசுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

வீடு மாறுகிறவனுக்கு இரண்டு கேலண்டர் இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? ஆஷாடம் ஆகாது. ஆடி ஆகாது. புரட்டாசி ஆகாது. அவர்களுடைய பித்ரு பட்சம் ஆகாது. மார்கழி இருவருக்குமே ஆகாது. மாசி, பங்குனியில் சிலர் வீடு புகமாட்டார்கள். மிச்சமுள்ள நாட்களில் எனக்குச் சளி பிடிக்கும், இல்லாவிட்டால் கடையில் கூட்டமாக இருக்கும். புது வீடு பூட்டியே கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

ஆயிரம் படி ஏறினவள்

சரசா ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி மைசூருக்கு வந்த புதிதில், ஆஷாட வெள்ளிக்கிழமைகளில் சாமுண்டி மலைக்கு நடந்தே ஏறுவாள். வெறுமனே ஏறமாட்டாள். ஆயிரம் படிக்கும் ஒவ்வொன்றாகக் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே போவாள். இறங்கி வரும்போது விரல் நுனி சிவந்து, முகம் கழுவினது போல் இருக்கும்.

அவளுக்குத்தான் முட்டி தேய்ந்துபோனது. எங்கள் மாடிக்குப் பத்தொன்பது கல் படி. குழாய் கீழே. குடம் மேலே வர வேண்டும். நானும் சரவணனும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாலும், பூ வாங்க, குப்பை கொட்ட, கோலம் போட என்று நாளைக்கு நாலு தடவையாவது இறங்குவாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கொஞ்சம் நின்று, அப்புறம் அடுத்த படி.

புது வீட்டில் படியே கிடையாது. வாசலிலிருந்து பின்கட்டுவரை ஒரே மட்டம். ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினபோது, அவள் வாசலிலிருந்து பின்பக்கம் வரை நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடி நடந்தாள்.

"என்ன புள்ள, பஸ்ஸுக்கு நேரமாச்சு. இப்படி நடந்துட்டே இருந்தா எப்படி?" என்றேன்.

"நிக்காம நடந்து பாக்கறேனுங்க. எத்தனை நாளாச்சு!"

அதைக் கேட்டும் என் மனசு அசையவில்லை பாருங்கள். நான் அந்த லேஅவுட்டில் வேறு எதையோ பார்த்தேன். நாலு வீட்டுக்கு ஒரு காலி மனை. கோவில் மணிச் சத்தம் கிடையாது. தெருவில் போனவர்கள் என்னை யாரோ என்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு 'அண்ணா' கிடையாது. டீக்கடையில் நான் ஐந்து நிமிஷம் நின்றும் கடைக்காரர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் நான் நடந்தால் பத்தடிக்கு ஒருவர் திதி கேட்பார்.

வீட்டில் சொன்ன காரணம் வேறு. விடிவதற்கு முன் மார்க்கெட்டில் இருக்க வேண்டும், அங்கிருந்து முதல் பஸ் லேட் என்று சொல்லிவைத்தேன். அது உண்மைதான். ஆனால் அது மட்டுமே உண்மை இல்லை.

நான் சொன்ன பொய்

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சாவிக் கொத்து தரையில் கிடக்கிறது. சரசா நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், 'ஒரு நாள் சொல்லிடுங்க' என்று கெஞ்சுகிற பார்வையோடு.

எழுந்து போய் கேலண்டரைப் புரட்டினேன். ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. வளர்பிறை சப்தமி. அனுஷ நட்சத்திரம். இரண்டு கேலண்டரிலும் குறை சொல்ல முடியாத நாள். எனக்கே மலைப்பாக இருந்தது. கேட்டு வாங்கின மாதிரி அமைந்திருந்தது.

"அந்த வியாழக்கிழமை எப்படிப்பா?" என்றான் சரவணன், தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து.

வாய் திறந்தேன். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், 'நல்ல நாள்' என்று சொல்லத்தான் திறந்தேன்.

"நாள் நல்ல நாள்தான். ஆனா உங்கம்மா ரிஷப ராசி. அன்னிக்கு அவளுக்குச் சந்திராஷ்டமம்."

ஒருவருடைய ராசிக்கு எட்டாம் இடத்தில் சந்திரன் வரும் இரண்டேகால் நாள் அது. அந்த நாளில் நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள். சரசாவுக்கு அது வருவது அந்த வியாழனுக்கு இரண்டு நாள் கழித்து, சந்திரன் தனுசுக்குப் போனபிறகு. நான் அதை இரண்டு நாள் முன்னால் இழுத்துப் போட்டேன். எண்ணிப் பார்க்க வீட்டில் வேறு ஆள் இல்லை.

சரசா நிலையிலிருந்து கையை எடுத்தாள். "என்னாலதான் தட்டிப்போவுதுங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். சரவணன் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினான்.

மழை வந்தது, எனக்குப் பேர் வந்தது

அந்த வியாழக்கிழமை காலையில் கொட்டின மழையை மைசூர்க்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் லேஅவுட்டில் பாதி வெட்டின சாக்கடை நிரம்பி, தெருவெல்லாம் முட்டளவு தண்ணீர். அதே நாளில் அங்கே வேறொரு குடும்பம் புதுமனை புகுந்ததாம். பந்தல் சாய்ந்து, சாம்பார் அண்டா தண்ணீரில் மிதந்து பக்கத்து மனைக்குப் போனதாகச் சரவணன் வந்து சொன்னான்.

சாயங்காலத்துக்குள் வடாரம் முழுக்கப் பரவிவிட்டது. கீழ் வீட்டு ரத்னக்கா, மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் அம்மாள், முற்றத்தில் நின்று கையைக் கூப்பினார்.

"அண்ணா, நீங்க சாதாரண ஆளில்லை விடுங்க! எல்லா கேலண்டர்லயும் நல்ல நாள்னு போட்டிருக்கு. நீங்க ஒருத்தர்தான் பேடா அன்னீங்க, வேண்டாம்னீங்க. சாமி உங்க நாக்குல குந்திருக்கு."

"அப்படியெல்லாம் இல்லக்கா" என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் கடையில் வெற்றிலை வாங்க வந்தவர்களைவிட நாள் கேட்க வந்தவர்கள் அதிகம். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்தார். கதையும் வளர்ந்துகொண்டே போனது. முருகன் கனவில் வந்து சொன்னதாக ஒருவர் சொன்னார். நான் மூன்று நாள் முன்பே வானத்தைப் பார்த்துச் சொன்னதாக இன்னொருவர். நான் மறுக்கவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் முருகன் படத்துக்கு முன் நிற்கும்போது மட்டும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சூடம் காட்டும்போது பாதத்தை மட்டும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

பதினாலு திங்கட்கிழமை

இதோடு நின்றிருந்தால்கூட நான் சாகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் சரசா பரிகாரம் ஆரம்பித்தாள்.

தன் ராசியில் சந்திரனுக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்பது திங்கட்கிழமை சிவன் கோவிலில் நவக்கிரகம் சுற்றுவதாக வேண்டிக்கொண்டாள். முட்டியில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு பத்தொன்பது படி இறங்குவாள். கோவிலில் ஒன்பது சுற்று. திரும்பிப் பத்தொன்பது படி. அந்தத் தட்டுக்கு வெற்றிலை என் கடையிலிருந்துதான். நுனி உடையாத, நரம்பு தெரியாத நல்ல வெற்றிலையாக நானே பொறுக்கிக் கொடுத்தேன். அதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒன்பது வாரம் முடிந்தது. "போயிடலாமா புள்ள?" என்று நானே கேட்டேன்.

"இன்னும் மனசு சமாதானம் ஆவலீங்க. இன்னொரு ஒம்பது வாரம் சுத்திட்டுப் போலாம். நாம புகுற அன்னிக்கு என்னால ஒரு கெடுதலும் வரக்கூடாது."

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அடுத்த வாரத் தட்டுக்கு வெற்றிலை பொறுக்கப் போனேன்.

ரத்னக்கா கொண்டுவந்த சீட்டு

மார்கழி பிறந்துவிட்டது. மார்க்கெட்டில் அவரைக்காய் வந்து குவியும் காலம். தெருவெங்கும் அந்தப் பச்சை வாசனைதான். ஊறவைத்த அவரையை விரலால் பிதுக்கிப் பருப்பு எடுத்து மைசூரில் குழம்பு வைப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சரசா கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு பிதுக்கிக்கொண்டிருந்தாள். டப் டப் என்று பருப்பு பாத்திரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

ரத்னக்கா படியேறி வந்தார். கையில் கண் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"அண்ணா, ஆபரேஷனுக்கு நாள் குடுத்துட்டாங்க. மங்களவாரம், அதான் செவ்வாய்க்கிழமை, அதுவும் அஷ்டமி! பொரை முத்திப் போச்சு, தள்ளிப் போட்டா கண்ணே போயிடும்னு டாக்டர் பயம் காட்டறார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க பேடான்னா நான் போகமாட்டேன்."

"போங்கக்கா. டாக்டர் குடுத்த நாள்தான் நாள்."

"சும்மா தைரியத்துக்குச் சொல்றீங்க. உங்க முகமே சரியில்லை. சரசாவுக்கு மட்டும் அப்படிப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக் காப்பாத்துனீங்க. எனக்கு நிஜத்தைச் சொல்லமாட்டீங்களா? நான் போகலை. ஆயித்து."

சீட்டை நாலாக மடிக்க ஆரம்பித்துவிட்டார். என் பொய்யால் ஒரு பெண்மணிக்குக் கண் போகப் போகிறது. 

"அக்கா, மடிக்காதீங்க. அன்னிக்கு நான் சொன்னது பொய்."

"எது?"

"சரசாவுக்கு அன்னிக்குச் சந்திராஷ்டமமே இல்லை. நாள் நல்ல நாள். எனக்கு இங்கிருந்து போக மனசில்லை, அதனால சொன்னேன். மழை வரும்னு எனக்கென்ன தெரியும்?"

டப் டப் சத்தம் நின்றது. அடுத்த பருப்பு சரசாவின் விரலிலிருந்து பாய்ந்து வந்து என் நெற்றியில் பட்டது. குறிவைத்து அடித்தாளா, தானாக வந்ததா என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை.

ரத்னக்கா என்னைப் பார்த்தார். சரசாவைப் பார்த்தார். "அப்போ நான் ஆபரேஷனுக்குப் போகலாம்?"

"தாராளமாப் போங்கக்கா."

"சரி. நீங்க சண்டை போடுங்க, நான் கீழ போறேன்" என்று இறங்கினார். மூன்று படியோடு காலடிச் சத்தம் நின்றுவிட்டது. அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு அவரே சொன்னார்.

சரசா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பொய்தான் சொல்றீங்க, கடையில ஆளில்லை, முதுகு புடிச்சுட்டுதுன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க? என்ற ராசிதான் கெடச்சுதா உங்களுக்கு?"

தரையில் விழுந்த பருப்பை எடுத்து அவள் பாத்திரத்தில் போட்டேன்.

"பதினாலு திங்கக்கெழமை சுத்தியிருக்கறேன். ஒவ்வொரு சுத்துக்கும் சந்திரனுக்கு முன்னால நின்னு மன்னிச்சுக்கோன்னு கேட்டேன். என்ன தப்புப் பண்ணேன்னு தெரியாமயே கேட்டேனுங்க."

இதை எழுதும்போதும் எனக்குக் கண் மறைக்கிறது.

"அங்க போனா என்னை யாருக்கும் தெரியாது சரசா. அதான்" என்றேன்.

"என்னை இங்கயே யாருக்குத் தெரியும்? பஞ்சாங்க அண்ணா சம்சாரம்! முப்பது வருஷமா இதானே என்ற பேரு."

மிச்சம் நாலு வாரம்

மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. எல்லாம் சரவணன் மூலமாகத்தான். "உங்கப்பாகிட்ட ரசம் இருக்குதுன்னு சொல்லு." அவன் என் பக்கம் திரும்பி, "ரசம் இருக்காம்பா" என்பான். "போதும்னு சொல்லுடா." "போதுமாம்மா." இரண்டாம் நாளே அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நாலாம் நாள் சரசாவே வாயைத் திறந்தாள். "மிச்சம் நாலு வாரம் இருக்குது. வேண்டுதலை அரைகுறையா விடக்கூடாது. நீங்க சுத்துங்க."

சுற்றினேன். அவள் நவக்கிரகத்துக்கு எதிரே தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எண்ணினாள். நான் "ஏழு" என்றால், "ஆறுதானுங்க ஆச்சு" என்பாள். ஒரு வாரம் பதினோரு சுற்று ஆகியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம். கேட்கவில்லை. நாலாவது திங்கட்கிழமை சந்திரனுக்கு முன்னால் நின்று, நான் செய்த தப்பு இன்னது என்று வாய்விட்டுச் சொன்னேன். அன்றைக்குத்தான் வீட்டில் முருகன் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

தை பிறந்திருந்தது. நாள் பார்க்க நான் கேலண்டரிடம் போனேன். சரசா குறுக்கே கையை நீட்டினாள்.

"நீங்க உக்காருங்க. கண்ணு தெளிஞ்சவங்க பாக்கட்டும்."

ரத்னக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. கறுப்புக் கண்ணாடியோடு வந்து, கேலண்டரை முகத்துக்குக் கிட்டே வைத்து, எழுத்தெல்லாம் தெரிகிற சந்தோஷத்தில் மருந்து விளம்பரம்வரை சத்தமாகப் படித்தார். பிறகு ஒரு புதன்கிழமையைத் தொட்டார். சரசா தலையாட்டினாள். சரவணனுக்கும் அந்த வாரம் விடுமுறை அன்றுதான். லேஅவுட்டில் காவேரித் தண்ணீர் வருகிற நாளும் அதுதான். என்னை யாரும் கேட்கவில்லை.

பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. சரசா குலவை போட்டாள். அவளுக்குக் குலவை போடத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மார்க்கெட்டுக்குப் போவது எப்படி என்று நான் பயந்தது வீண். பக்கத்துக் கிராமத்திலிருந்து கீரைக் கட்டு ஏற்றிக்கொண்டு தினம் ஒரு கூட்ஸ் ஆட்டோ அந்த வழியாகத்தான் போகிறது. கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு போகிறேன். பஸ்ஸைவிட மணமாக இருக்கிறது.

நீல கேட் வீடு

குடிபோய் ஒரு மாதம் இருக்கும். ஒரு மாலை வாசலில் கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள். இரண்டு தெரு தள்ளி நீல கேட் போட்ட வீடு. அவர் பெயர் லோகேஷ், மெக்கானிக். கன்னடத்தில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"தேவராஜ மொஹல்லாவில் நாள் பார்க்கும் பெரியவர் நீங்கள்தானா? அந்த வியாழக்கிழமை இந்த லேஅவுட் மூழ்கும் என்று முன்கூட்டியே சொன்னவர்?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி கேட்டாள்: "தெரிந்திருந்தும் எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?"

அந்த வியாழக்கிழமை பந்தல் சாய்ந்த குடும்பம் அவர்கள்தான். கதை அவர்கள் காதுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு ஞானி கெட்ட நாள் என்று ஒதுக்கின நாளில் இவர்கள் வீடு புகுந்துவிட்டார்களாம். அதிலிருந்து எது நடந்தாலும் அந்த நாளின் தலையில்தான். மோட்டார் புகைந்ததா, நாள் சரியில்லை. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாரா, நாள் சரியில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழையபடி ஊருக்குள் ஒரு ரூமுக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறார்கள். அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். போவதா, இருப்பதா?

சரசா என்னைப் பார்த்தாள். முன்பு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாளே, அந்தப் பார்வை இல்லை. 'சொல்லுங்க' என்கிற பார்வை.

"உங்கள் வீட்டுக்கே வந்து சொல்கிறேன்" என்று செருப்பை மாட்டினேன். சரசாவும் கூட வந்தாள். எந்த இடத்திலும் நிற்காமல் நடந்தாள்.

நீல கேட் வீட்டு ஹாலில், அந்த அம்மா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். "அது எங்களுக்கென்று நான் பார்த்து வைத்த நாள். அதைவிட நல்ல நாள் அந்த வருஷத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. நான் பயத்தில் பொய் சொல்லி விட்டுவிட்டேன். நீங்கள் தைரியமாக எடுத்துக்கொண்டீர்கள்."

லோகேஷ் நம்பாமல் பார்த்தார். சரசா தனக்குத் தெரிந்த கன்னடத்தில் எடுத்துவிட்டாள்: "இவரு ஹேளித்து சுள்ளு. நானே சாட்சி!" சொன்னது பொய், சாட்சி நான். முப்பது வருஷத்தில் அவள் இவ்வளவு உரக்கக் கன்னடம் பேசி நான் கேட்டதில்லை.

லோகேஷின் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரிப்பு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அப்படியானால் எங்கள் நாள் நல்ல நாளா?" என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் ஆமாம் என்றேன்.

கட்டிலில் இருந்த அம்மா ஒருக்களித்துப் படுத்து, யோசித்து, சொன்னார்: "அப்போ நான் விழுந்தது சோப்பு தண்ணியாலதான்."

அவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்தத் தெருவில் என் பெயர் 'சரசம்மா வீட்டுக்காரர்'. டீக்கடைக்காரரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

என் கதை ஊர் சுற்றி வந்தபோது எப்படி மாறிப்போயிருந்தது என்று பார்த்தீர்கள் அல்லவா? அதனால் இதைப் படிக்கும் உங்களிடம், முக்கியமாகப் பழைய வடாரத்து ஜனங்களிடம், கையெடுத்துக் கேட்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதினபடியே சொல்லுங்கள். முருகன் என் கனவில் வரவில்லை. மழை வரப்போவது எனக்குத் தெரியாது. அந்த வியாழக்கிழமை குறையில்லாத நாள். பொய் என்னுடையது. பாவம் என்று என் மேல் இரக்கப்பட்டு அதைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள். சரசாவின் ராசியில் அன்று ஒரு தோஷமும் இல்லை. இந்த ஒரு வரியையாவது ஓர் எழுத்தும் மாற்றாமல் சொல்லுங்கள்.